நாய்க்கு நட்ட கல்லில் சோழன் இறந்த செய்தி

கேள்வி: ஒரு வாசகர், 6 ஜனவரி 2018

ஏப்ரல் மாதத்தில் என் மாமனார் சென்னையிலிருந்து பெங்களூருக்கு வருகிறார். அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கஸ்தூரிபா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு அவரை அழைத்துச் செல்லலாமா? அங்கே இருப்பதெல்லாம் கங்கர், ஹொய்சளர் காலத்துப் பொருள்கள்தாம், தமிழருக்கென்று பார்க்க எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனால் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம் அல்லவா?

6 ஜனவரி 2018, இரவு

எதுவும் இருக்காது என்பது தவறு. பராந்தக சோழனின் மூத்த மகன் ராஜாதித்தன் தக்கோலத்தில் கொல்லப்பட்ட செய்தியை, அது நடந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் அங்கேதான் இருக்கிறது. ஆதகூர்க் கல் என்று பெயர். மண்டியா மாவட்டத்து மத்தூர் வட்டத்திலிருந்து வந்தது, சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-950. அது சோழனுக்காக நட்ட கல் அன்று, ஒரு வேட்டை நாய்க்காக நட்டது.

7 ஜனவரி 2018

நேற்று அவசரமாக எழுதியதை இன்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். அந்தச் சிவப்புக் கட்டடத்தின் வாசலைப் பேருந்து சன்னல் வழியாக எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. உள்ளே போனது ஒரு மழை நாளில், மழைக்கு ஒதுங்கத்தான். கப்பன் பூங்காப் பக்கமிருந்து ஓடி வந்து, நுழைவுச்சீட்டு வாங்கி, முழங்கால் வரை நனைந்த காற்சட்டையோடு சிற்பங்களுக்கு நடுவே நின்றேன். ஹளேபீடுச் சிற்பங்களின் நுணுக்கத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுத வேண்டியதில்லை. அவற்றைத் தாண்டி வந்தபோது, நாயும் காட்டுப்பன்றியும் மோதிக்கொள்ளும் உருவம் செதுக்கி எழுத்து நிரம்பிய பலகைக்கல் ஒன்று கண்ணில் பட்டது. அருகிலிருந்த விவரத்தில் 'தக்கோலம்' என்ற பெயரைப் படித்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். தக்கோலம் என் அத்தையைக் கொடுத்த ஊர். பள்ளி விடுமுறைக்கெல்லாம் அங்கேதான் போவோம். ஜலநாதீசுவரர் கோயிலைத் தெரியும், திருவூறல் என்று சம்பந்தர் பாடியதைத் தெரியும், ஆற்றில் எந்த மாதத்தில் தண்ணீர் வரும் என்பது கூடத் தெரியும். ஆனால் அந்த ஊரில் இராட்டிரகூடர் படையும் சோழர் படையும் மோதி ஓர் இளவரசன் யானைமேல் இறந்தான் என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதை நான் தெரிந்துகொண்டது முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கன்னடக் கல் ஒன்றின் முன்னால், சொட்டச் சொட்ட நனைந்து நின்றபோது.

கதை இதுதான். மூன்றாம் கிருஷ்ணன் என்ற இராட்டிரகூட மன்னன் தக்கோலத்தில் சோழரை வென்றான். அவனுடைய மைத்துனனாகிய கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் ராஜாதித்தனை வஞ்சகமாகக் குத்திக் கொன்றான். பூதுகனின் வீரன் மணலேரன் அந்தப் போரில் நன்றாகச் சண்டையிட்டதால், என்ன வேண்டும் கேள் என்றார்கள். பொன்னும் வேண்டாம், நிலமும் வேண்டாம், காளி என்ற அந்த வேட்டை நாய் போதும் என்றான் மணலேரன். பிறகு ஒருநாள் காளியை ஒரு பெரிய பன்றியின்மேல் ஏவினார்கள். இரண்டும் சண்டையிட்டு இரண்டும் செத்தன. மணலேரன் ஆதகூர்க் கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டு, அதற்குப் பூசை நடக்க நிலமும் விட்டான்.

உலகத்தில் ஒரு நாய்க்கு நடுகல் எடுத்தது இது ஒன்றுதான்.

8 ஜனவரி 2018

கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். தருமபுரியிலிருந்து எழுதும் வாசகர், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லை நினைவூட்டியிருக்கிறார். அது மகேந்திரவர்மன் காலத்தது, ஆதகூருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல்லில், 'கோவிவன் என்னும் நாய்' இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாக எழுதி, நாயின் உருவத்தையும் பக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

ஒரு வேறுபாட்டை மட்டும் குறிக்கிறேன். எடுத்தனூரில் கல் மனிதனுக்கு, நாய் அவனோடு சேர்ந்து இடம்பெறுகிறது. ஆதகூரில் கல்லே நாய்க்கு, மன்னர்கள்தாம் அதில் வந்து போகிறார்கள். இருந்தாலும் 'உலகத்தில் ஒன்றுதான்' என்று எழுதியது என் கை துடுக்கு. சண்டைச் சேவலுக்குக் கூட நம்மவர்கள் கல் நட்டிருக்கிறார்கள். அரசலாபுரத்தில் 'மேற்சேரி கோழி' இருக்கிறது.

9 ஜனவரி 2018

'நம்மவன் தோற்ற கல்லைப் போய் ஏன் கொண்டாடுகிறீர்கள்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொண்டாடவில்லை, படிக்கிறேன். வென்றவன் வெட்டியதையும் தோற்றவன் வெட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தானே நடந்தது என்ன என்று கொஞ்சமாவது பிடிபடும். மேலும், நம் பக்கத்திலும் கன்னரதேவனின், அதாவது அதே மூன்றாம் கிருஷ்ணனின், ஆண்டுகளைப் போட்டுத் தமிழிலேயே கல்வெட்டு எழுதியிருக்கிறார்கள். 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்ற அடைமொழியைத் தொண்டை மண்டலத்துக் கோயில் சுவர்களில்தான் பார்க்கலாம். எழுதியவர்கள் தமிழர்கள்.

அடுத்து வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் 'கங்கபாடியும் நுளம்பபாடியும் தடிகைபாடியும்' என்று வரிசையாக வருகிறதே, அந்தக் கங்கபாடியில்தான் நாம் இப்போது வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

21 ஜனவரி 2018

இன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு மேஷ்ட்ருவோடு (கன்னடத்தில் வாத்தியார்) மறுபடியும் போனேன். அவர் துமகூரில் உயர்நிலைப் பள்ளியில் கன்னடம் கற்பித்து ஓய்வுபெற்றவர். எனக்குத் தெரிந்தது பேருந்துப் பலகைக் கன்னடம் மட்டுமே, மெஜஸ்டிக், சிவாஜிநகர், ஷாந்திநகர் என்று படிப்பேன். அவரோ பழங்கன்னடக் கவி பம்பனை மனப்பாடமாகச் சொல்பவர். ஆனால் அந்தக் கல்லின் முன்னால் இருவரும் ஏறக்குறைய ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஆனோம், ஏனெனில் பத்தாம் நூற்றாண்டு எழுத்தின் வடிவம் வேறு.

மேஷ்ட்ரு ஒரு சின்னக் கைவிளக்கைக் கொண்டு வந்திருந்தார். காவலரிடம் அனுமதி கேட்டு, விளக்கைக் கல்லுக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில், கன்னத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தார். அதுவரை சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்த வரிகள், ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து, எழுந்து நின்றன. நேரான வெளிச்சத்தில் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகிவிடும், சாய்ந்த வெளிச்சம்தான் எழுத்தைக் காட்டும் என்று அவர் சொன்னார். கல்வெட்டுக்காரர்கள் மாலை வெயிலுக்குக் காத்திருப்பதும் இதற்காகத்தானாம்.

அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'தக்கோலதொள்' என்ற சொல்லைத் தேடினோம். கன்னடத்தில் ஒற்று இரட்டித்தால், ககரத்துக்கு அடியில் இன்னொரு சின்னக் ககரம் தொங்கும். அந்தத் தொங்கலைத் தேடிக்கொண்டே போனோம். கால் மணி நேரம் ஆயிற்று. கிடைத்தபோது மேஷ்ட்ரு விரலைக் கல்லில் படாமல் ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, 'தக்கோலதொள் காதி கொந்து' என்று மெல்லப் படித்தார். எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. தக்கோலத்துள் காதிக் கொன்று. காதுதல் என்றால் கொல்லுதல் என்று நம் அகராதியிலும் இருக்கிறது, நாம்தான் அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டோம்.

அப்படியே 'மெச்சிதெ, பேடிகொள்' என்பதும். மெச்சினேன், வேண்டிக்கொள். வகரம் பகரமாகும், நடுவிலிருக்கும் ணகரம் விழுந்துவிடும், அவ்வளவுதான். பழங்கன்னடத்தில் ழகரமும் றகரமும் இருந்தன என்று மேஷ்ட்ரு சொன்னதும் நான் கொஞ்சம் துள்ளினேன். எழுபதுக்கு அவர்கள் அன்று சொன்னது 'எழ்பத்து', இன்று சொல்வது 'எப்பத்து'. ழகரம் தமிழுக்கு மட்டுமே உரியது என்று நான் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பெருமை பேசியிருக்கிறேன். மேஷ்ட்ருவிடம் அதைச் சொல்லவில்லை.

22 ஜனவரி 2018

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: என் முதல் கதையில் இரண்டு பெரிய தவறுகள் இருக்கின்றன. மேஷ்ட்ரு வாசகத்தை வரிவரியாக விளக்கியபோதுதான் தெரிந்தது. இரவு முழுக்க அது உறுத்திக்கொண்டிருந்தது.

முதல் தவறு 'வஞ்சகமாக' என்பது. இந்தக் கல்லை எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு வெளியீட்டில் பதிப்பித்தவர் ஃப்ளீட். தொடக்கத்தில் அந்த இடத்தைக் 'கள்ளன்' என்று படித்து, பூதுகன் கள்ளத்தனமாகக் கொன்றான் என்று பொருள் கொண்டார்கள். பிறகு அது 'களன்' என்று திருத்தப்பட்டது. 'பிசுகெயே களனாகெ' என்றால் அம்பாரியே களமாக என்று பொருள். பிசுகெ என்பது யானைமேல் வைக்கும் அம்பாரி. ஆக, யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கி ராஜாதித்தனைக் குத்திக் கொன்றான் பூதுகன் என்பதுதான் செய்தி. ஒரேயொரு ளகர ஒற்று கூடியதால் ஒரு மனிதன் துரோகியாகிவிட்டான், அந்த ஒற்றைப் பிடித்துக்கொண்டு நானும் அவனைத் திட்டிவிட்டேன். களன் என்றால் போர்க்களம் என்பது நமக்குச் சங்கப் பாட்டிலிருந்தே தெரிந்த சொல். தமிழ் தெரிந்தவர் யாராவது முதலிலேயே பார்த்திருந்தால் சட்டென்று பிடித்திருப்பாரோ என்று தோன்றுகிறது. இப்படிச் சொல்வதும் பின்புத்திதான்.

இரண்டாவது தவறு, மணலேரன் நிலம் வேண்டாம் என்று நாயை மட்டும் கேட்டான் என்பது. இது நான் கேட்ட கதை. நகரத்து நடைச் சுற்றுலா ஒன்றில் ஒருவர் உருக்கமாகச் சொன்னார், கூட்டத்தில் இரண்டு பேர் கண் கலங்கினார்கள், நானும் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்தேன். ஆனால் கல்லில் அப்படி இல்லை. மணலேரனின் வீரத்தை மெச்சிப் பூதுகன் அவனுக்கு ஆதகூர்ப் பன்னிரண்டையும், அதாவது பன்னிரண்டு ஊர்த் தொகுதியையும், பெள்வொல நாட்டில் காதியூர் என்ற ஊரையும் கொடுத்தான் என்று அதே கல் சொல்கிறது. பூதுகனுக்கே கன்னரதேவன் பனவாசி பன்னிரண்டாயிரம் தொடங்கிப் பெரிய நாடுகளைக் கொடுத்திருக்கிறான். ஆகவே மணலேரன் எதையும் துறக்கவில்லை. ஊர்களையும் வாங்கிக்கொண்டான், நாயையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

எனக்கு இப்போதுதான் அந்த மனிதனைப் பிடித்திருக்கிறது. துறவியாக இருந்தபோது அவ்வளவு பிடிக்கவில்லை.

22 ஜனவரி 2018, சற்று நேரம் கழித்து

அந்த நிலக்கொடைக்குக் கல்லில் உள்ள சொல் 'பாள்கச்சு'. பாள் என்றால் வாள், கச்சு என்றால் கழுவுதல். போர் முடிந்து வாளைக் கழுவும்போது கொடுக்கும் கொடை. இதற்கு ஈடாகத் தமிழில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தேன். போரில் இறந்தவனின் குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்தை நாம் உதிரப்பட்டி என்றோம். வென்று திரும்பியவனுக்குக் கொடுத்ததற்கு இவ்வளவு கச்சிதமான சொல் என் நினைவுக்கு வரவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

28 ஜனவரி 2018

ராஜாதித்தனைக் கொன்றது யார் என்று மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஏனெனில் கல்லே இரண்டு விதமாகப் பேசுகிறது. ஒரு பகுதியில், கன்னரதேவன் மூவடிச் சோழ ராஜாதித்தன்மேல் வந்து தக்கோலத்தில் காதிக் கொன்றான் என்கிறது. வேறொரு பகுதியில், அம்பாரியே களமாகப் பூதுகன் கொன்றான் என்கிறது. முதலாவது மன்னனின் மரியாதைக்கு எழுதியது, இரண்டாவது உள்ளூர்க்காரனின் கணக்குக்கு எழுதியது என்று எடுத்துக்கொள்கிறேன். மாவட்டத்தில் யார் வேலை செய்தாலும் மேலிடத்தின் பெயரில்தான் அறிக்கை போகும், கீழே ஓர் ஓரத்தில் செய்தவன் பெயர் இருக்கும். நான் கணக்குப் பிரிவில் இருப்பவன், இது எனக்கு விளங்குகிறது.

சோழர் தரப்புச் செய்தி லெய்டன் செப்பேடு என்று வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டின் சமஸ்கிருதப் பகுதியில் இருக்கிறது. அதன்படி ராஜாதித்தன் தன் கூரிய அம்புகளால் கிருஷ்ணராஜனையும் அவன் படையையும் கலங்கடித்தான். பெரிய யானையின்மேல் அமர்ந்திருந்தபோது பகைவனின் அம்பு நெஞ்சில் பாய, விமானமேறி வீரசுவர்க்கம் போனான். அம்பாரிக்குள் ஏறிக் குத்தியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்பு என்றால் தொலைவிலிருந்து வந்தது, யாராலும் தடுக்க முடியாதது, தன் யானைமேல் பகைவன் ஏறிவிட்டான் என்று எந்த வீட்டுக்காரர்தான் எழுதுவார்?

யானைமேல் இறந்தான் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. நம் கல்வெட்டுகளில் அவனுக்கு நின்ற பெயரும் 'ஆனைமேற்றுஞ்சினார்' என்பதுதான். துஞ்சினார் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கொல்லப்பட்டான் என்று எழுதவில்லை, யானைமேல் உறங்கினார் என்று எழுதினார்கள்.

29 ஜனவரி 2018

இன்னொன்றும் இதோடு சேர வேண்டும். ராஜாதித்தனோடு நெருங்கிப் பழகிய கேரளத்து நண்பன் ஒருவன், அவனோடு சேர்ந்து இறக்கும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று மனம் வெறுத்து, கங்கையில் நீராடித் துறவியாகி, திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் என்ற பெயரில் இருந்தான். அந்தத் திருவொற்றியூர்க் கல்வெட்டு எழுதப்பட்டது எந்த மன்னனின் ஆட்சியாண்டில் தெரியுமா? நண்பனைக் கொன்ற அதே கன்னரதேவனின் ஆட்சியாண்டில். உருக்கமான கதை வேண்டுமென்பவர்கள் நாயை விட்டுவிட்டு இதைச் சொல்லலாம். நடைச் சுற்றுலாக்காரர் காதில் போட்டு வையுங்கள்.

4 பிப்ரவரி 2018

மேஷ்ட்ருவுக்கும் எனக்கும் இன்று ஒரு வாக்குவாதம். காரணம் கல்லின் கடைசிப் பகுதி.

காளியின் கல்லுக்காக விட்ட நிலம் இரண்டு கண்டுகம். எவ்வளவு விதை விதைக்கலாம் என்பதை வைத்து நிலத்தை அளக்கும் முறை அது. சேலம் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கண்டகம் என்ற அளவு தெரிந்திருக்கும். அந்த நிலத்தை ஆளும் கோயில் பூசாரி, அதாவது கொரவன், கல்லுக்குப் பூசை செய்யாமல் உணவு உண்டால், நாய் செய்த பாவம் அவனைச் சேரும் என்று கல் சாபமிடுகிறது.

நம் பக்கத்துக் கல்வெட்டுகளில் இந்தத் தருமத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான் என்று வரும். அது புரிகிறது. ஆனால் நாய் செய்த பாவம் என்றால் என்ன? காளி என்ன பாவம் செய்தது? வேட்டையில் உயிர்களைக் கொன்ற பாவமாக இருக்கலாம் என்பது என் ஊகம். வேட்டையாடுவது நாயின் தொழில், ஆகவே அந்தப் பாவம் அதை ஒட்டாது, ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவனை ஒட்டும் என்று கல்லை எழுதியவன் நினைத்திருக்கலாம். மேஷ்ட்ரு இதை ஏற்கவில்லை. முற்பிறவியில் பாவம் செய்ததால்தான் நாயாகப் பிறந்தது என்ற நம்பிக்கையைத்தான் அது குறிக்கிறது, பூசை செய்யாதவன் அடுத்த பிறவியில் நாயாவான் என்பதே பொருள் என்கிறார். நான் சொன்னேன், அப்படியானால் அது தண்டனையே இல்லை, மணலேரன் வீட்டு நாயாகப் பிறந்தால் கல்லும் நிலமும் கிடைக்குமே என்று. மேஷ்ட்ரு சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. காபி ஆறிவிட்டது.

5 பிப்ரவரி 2018

யோசித்துப் பார்த்தால் மேஷ்ட்ரு சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. இருந்தாலும் என் ஊகத்தையும் விட மனமில்லை. இரண்டும் இங்கே இருக்கட்டும்.

11 மார்ச் 2018

அத்தை மகன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காகத் தக்கோலம் போய் வந்தேன். கல்லின் புகைப்படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். பெரியவர்கள், 'அப்படியா, நம் ஊர்ப் பெயரா, பெங்களூரிலா' என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் விடவில்லை. பன்றி எவ்வளவு பெரியது, நாய்க்கு எத்தனை வயது, முதலில் செத்தது எது என்று கேட்டுத் துளைத்துவிட்டார்கள். ராஜாதித்தனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் தனியாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். போர் எந்த இடத்தில் நடந்திருக்கும் என்று கண்ணால் அளந்து பார்த்தேன். எங்கும் கரும்பும் செங்கல் சூளையும்தான்.

18 மார்ச் 2018

அந்த அருங்காட்சியகத்தில் வேறு எதுவுமே இல்லையா என்று கேட்பவருக்கு: இருக்கிறது. பேகூரிலிருந்து வந்த பெரிய வீரகல் ஒன்றைத் தவறவிடாதீர்கள். கங்க மன்னன் எரெயப்பன் ஏவலால் நாகத்தரன் என்ற தலைவன் வீரமகேந்திரனோடு தும்பெபாடியில் போரிட்டு இறந்ததற்கு நட்ட கல் அது. கல் முழுக்கப் போர்க்களம். நடுகல்லில் ஒருவனோ இருவரோ நிற்பதைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, யானையும் குதிரையும் ஆளுமாக ஒரு படையே ஒரு பலகையில் நெருக்கியடித்து நிற்பது திகைப்பாக இருக்கும். இந்தக் கல்லையும், பெங்களூர் என்ற பெயர் முதன்முதலில் வரும் கல்லையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 'பெங்களூர்க் காளகம்', அதாவது பெங்களூர்ப் போர், என்று எழுதிய கல் ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்தது. அது பேகூர் நாகேசுவரர் கோயிலிலேயே இருக்கிறது, கஸ்தூரிபா சாலையில் தேடாதீர்கள். நான் தேடினேன்.

அருங்காட்சியகத்தை அமைத்த ஆண்டு 1865. அதில் பங்கெடுத்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர், அதற்கு முன்பே சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கி நடத்தியவர். இப்போதைய கட்டடம் 1877-இல் ஆங்கிலேயப் பொறியாளர் சாங்கி கட்டியது. சாங்கி ஏரிக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். உங்கள் மாமனார் வரலாற்று ஆசிரியர் என்பதால் எழும்பூரையும் இதையும் ஒப்பிடாமல் இருக்க மாட்டார்.

தமிழ்க் கல்வெட்டுதான் வேண்டும் என்றால் அருங்காட்சியகம் வரை போக வேண்டியதில்லை. என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் தோம்லூர்ச் சொக்கநாதர் கோயில் இருக்கிறது. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உண்டு. அவற்றில் தோம்லூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று ஒரு பெயர், எலகங்காவைச் சுற்றிய நாட்டுக்கு இலைப்பாக்க நாடு என்று ஒரு பெயர். வீட்டுக்கு வரும் கூரியர்க்காரரிடம் முகவரியாக 'இராசேந்திர சோழ வளநாட்டு இலைப்பாக்க நாடு' என்று சொல்லிப் பார்க்க வேண்டும் என்று பல நாளாக ஆசை.

25 மார்ச் 2018

நான் இத்தனை எழுதியும் கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். உண்மைதான்.

மாமனாரை அழைத்து வாருங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. அரைமணி நேரம் ஆதகூர்க் கல்லுக்கே போதாது, காலையிலேயே வந்துவிடுங்கள். சின்னக் கைவிளக்கு ஒன்று இருக்கட்டும், காவலரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். அச்சிட்ட வாசகத்தின் படி என்னிடம் இரண்டு இருக்கின்றன. முன்கூட்டியே சொன்னால் மேஷ்ட்ருவும் வருவார், நாயின் பாவம் பற்றி மாமனார் யார் பக்கம் என்று தெரிந்துகொள்ள எங்கள் இருவருக்கும் ஆவலாக இருக்கிறது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று முதலில் எழுதியிருந்தீர்கள். கல்லைக் கவனிக்காமல் உண்டால் என்ன சேரும் என்பதை மேலே 4 பிப்ரவரிக் குறிப்பில் பாருங்கள். முதலில் கல், பிறகு சாப்பாடு.